முதல் மொந்தைக்குப் பின்னால்

காரைக்குடி வட்டாரத்தில் நான் குடித்துப் பார்க்காத கள்ளுக்கடை கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்குத்தான். செட்டிமார்கள் ரங்கூனிலும் மலாயாவிலும் சம்பாதித்துக்கொண்டு வந்து போட்டி போட்டு வீடு கட்டிய காலம் அது. நான் கொத்தன். இன்றைக்குக் கோட்டையூர், அடுத்த மாதம் கானாடுகாத்தான் என்று, சாரம் எங்கே கட்டுகிறார்களோ அங்கே என் பிழைப்பு. பொழுது சாய்ந்து கரண்டியைக் கழுவி வைத்ததும், அந்த ஊரில் எது நல்ல கடை என்று கண்டுபிடித்துச் சொல்வது என் பொறுப்பு. சுவர் விஷயத்தில் என்னை நம்பாதவர்கள்கூட இந்த விஷயத்தில் என் நாக்கை நம்பினார்கள்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கடையில் கள் இனிக்கும், ஆனால் உட்கார இடம் இருக்காது. புதுவயல் பக்கம் ஒருவன் தண்ணீர் கலப்பான். கேட்டால் மரத்தில் கட்டிய கலயத்துக்குள் மழை விழுந்துவிட்டது என்பான், அதுவும் சித்திரை மாதத்தில். தேவகோட்டையில் சந்தை நாளில் போனால் பாட்டும் தாளமும் அமர்க்களப்படும். குடித்து முடித்து நேராக நாடகக் கொட்டகைக்குப் போய் ராஜபார்ட்டுக்குச் சமமாக நாமும் பாடலாம். ஆனால் அங்கே மண்டை உடையாமல் திரும்புவது அவரவர் அதிர்ஷ்டம். இந்தக் கடைகளையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிடலாம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகும் பாதையில், ஊருணியைத் தாண்டி, பனங்காட்டுக்கு முன்னால் நீளமாக ஓர் ஓலைக் கொட்டகை இருந்தது. கடை என்றால் அதுதான் கடை.

அதை நடத்தியவள் ஒரு பெண். அவள் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது, கேட்கத் தோன்றியதும் இல்லை. வந்து போகும் கொத்தன், கல்தச்சன், வண்டிக்காரன், பனையேறி எல்லாருக்கும் அவள் மதினி. மதினி முறை என்றால் கேலி பேசலாம், அதற்காகவே அந்த முறை வைத்துக் கூப்பிட்டார்கள். ஆனால் கேலியில் அவளை ஜெயித்தவர் யாரும் இல்லை. புருஷன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைச் சேலை, காதில் கனத்த தண்டட்டி, நல்ல ஓங்குதாங்கான உடம்பு. கவிழ்த்துப் போட்ட ஓர் உரலின் மேல் உட்கார்ந்துகொண்டு, பானைக்குள் அகப்பை விட்டு, மொந்தை மொந்தையாக ஊற்றிக் கொடுப்பாள். ஒரு சொட்டுக் கூடக் குடித்தவளில்லை. "ஏன் மதினி, ஒங்க சரக்கு மேல ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், "எல்லாரும் குடிச்சுப்புட்டா, யாரு என்ன பேசுனாகன்னு யாரு ஞாவகம் வச்சுக்கிறது?" என்பாள்.

அது விளையாட்டுப் பேச்சில்லை. அந்தக் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. முதல் மொந்தை வாயில் படுவதற்கு முன்னால் பேசியது பேச்சு. வாக்கு, பேரம், சபதம், வசவு எல்லாம் செல்லும். மொந்தை வாயில் பட்ட பிறகு பேசிய எதுவும் செல்லாது. மறுநாள் அதைச் சொல்லிக் காட்டி யாரும் யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால், கேட்ட ஆளுக்கு அந்தக் கடையில் அதற்கப்புறம் கள் கிடையாது.

இதனால் அந்தக் கடையில் சாயங்காலம் பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. நுரை ததும்பும் மொந்தையை முன்னால் வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல், எச்சிலை விழுங்கி விழுங்கி நாலு பேர் காரியம் பேசிக்கொண்டிருப்பார்கள். வரப்புத் தகராறு, மாடு மாற்றிக்கொள்வது, பெண் கேட்பது, எல்லாம் அங்கே நடக்கும். நுரை அடங்கினால் ருசி போய்விடும் என்பதால் இழுத்தடிக்க வழியில்லை. விட்டுக்கொடுத்து, சட்டென்று முடித்து, மொந்தையைத் தூக்குவார்கள். சிவகங்கைக் கோர்ட்டுக்கு வரப்புச் சண்டையோடு போனவன் தாடி நரைத்துத் திரும்பி வருவான். மதினி கடையில் அதே வழக்கு நுரை அடங்குவதற்குள் தீர்ந்துவிடும்.

அப்புறம் முதல் மொந்தை உள்ளே போனால் கொட்டகை வேறு இடமாகிவிடும். யாரும் எதையும் பேசலாம். ரங்கூனிலிருந்து வந்த ஒருவன் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பர்மாவில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னான். எல்லாரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதோம். மறுநாள் ஒருவன்கூட மூட்டை கட்டவில்லை. முதலாளியைத் திட்டலாம், மாமனாரைத் திட்டலாம், செத்துப்போன அப்பனைக்கூடத் திட்டலாம். மனசில் கிடப்பதை எல்லாம் கொட்டிவிட்டு லேசாக வீட்டுக்குப் போகலாம். அப்படி ஓர் இடம் மனுஷனுக்குக் கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி.

ஒருமுறை வண்டிக்காரச் சோலை அரிவாளோடு வந்தான். நல்ல மனுஷன்தான், முன்கோபி. முந்தின நாள் அங்கே ஒரு கல்தச்சர் அவனைத் திருடன் என்று சொல்லிவிட்டாராம். அவர் உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்து அவன் போகும்போது, மதினி உரலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"எப்பச் சொன்னாரு?" என்று கேட்டாள்.

"நேத்து."

"நேத்துன்னா எப்ப? முன்னாலயா, பின்னாலயா?"

சோலை நின்றான். பொய் சொல்லத் தெரியாதவன். "பின்னாலதான் மதினி" என்றான்.

"அப்ப அவரு சொல்லலய்யா. கள்ளு சொல்லியிருக்கு. வெட்டுறதுன்னா கள்ள வெட்டு. அந்தா பானை இருக்குல்ல, வெட்டு."

சோலை பானையைப் பார்த்தான். அரிவாளைப் பார்த்தான். அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கிய கள், நுரைத்துக்கொண்டு நின்றது. "அதை வெட்ட மனசு வரல மதினி" என்று சொல்லி அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உட்கார்ந்தான். கல்தச்சர்தான் முதலில் சிரித்தார். அன்றைக்கு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தார்.

இந்தச் சட்டம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குக் குடைச்சலாக இருந்தது. ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து, கடையில் ஆள் சேருமுன்னே போய்விட்டேன். அவள் சாம்பல் போட்டு மொந்தைகளை விளக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன். கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"எங்கய்யா என்னைய ரெண்டாவது மொந்தையிலதான்யா குடுத்தாரு. விடிஞ்சு எந்திரிச்சு, 'வாக்குக் குடுத்துட்டேன் தாயி'ன்னாரு. எங்காத்தா அழுதா. வாக்குன்னா வாக்குதானன்னு ஊரே சொல்லுச்சு. அவரு அத எப்பச் சொன்னாருன்னு ஒரு ஆளு கேக்கல."

"ஒங்க வீட்டுக்காரர் மோசமானவரா?"

"மோசம்னு சொல்ல மாட்டேன். என்னையவும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்புட்டுத்தான்."

நானும் ஒரு மொந்தையை எடுத்து அவளோடு விளக்க ஆரம்பித்தேன்.

இனி மஞ்சள் கருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நடக்காது. செட்டிமார் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும், முகம் பார்க்கலாம். சுண்ணாம்பை மாவாக அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக் கருவைக் கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து வருகிற பளபளப்பு அது. வெள்ளைக் கருவில் மஞ்சள் ஒரு துளி கலந்தாலும் பூச்சு கெட்டுப்போகும். கூடை கூடையாக முட்டை உடைப்பார்கள். வெள்ளை சுவருக்குப் போய்விடும். மஞ்சள் மிஞ்சும்.

அதைத் தூக்குச் சட்டியில் ஊற்றி, வாழை இலையால் மூடி, தினமும் சாயங்காலம் மதினி கடைக்கு எடுத்து வருகிறவர் எங்கள் பூச்சு மேஸ்திரி. சிவகங்கைக்கு அந்தப் பக்கத்து ஆள். சம்சாரம் இறந்து போனவர், பிள்ளை இல்லை. அதிகம் பேசாதவர். மதினி பெரிய இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, நல்லெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, மஞ்சள் கருவை ஊற்றி, மிளகை இடித்துத் தூவிக் கிளறுவாள். அந்த வாசனைக்கே பாதையில் போகிற வண்டி மாடு நிற்கும். கள்ளைத் தொடாதவர்கள்கூட இந்த வறுவலுக்காக வந்து, ஒரு மொந்தை வாங்கிப் பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுத்துவிட்டு, வறுவலை மட்டும் தின்றுவிட்டுப் போவார்கள். அதற்குச் சமமான தொடுகறியை நான் இந்த ஜன்மத்தில் தின்றதில்லை.

எல்லாரும் மதினி என்று கூப்பிட, மேஸ்திரி மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டார். "இந்தாங்க" என்று சட்டியை நீட்டுவார். "வச்சுட்டு உக்காருங்க மேஸ்திரியாரே" என்பாள். உட்காருவார். முதல் மொந்தை குடிப்பார். வாயைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும், தரையைப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"என் கூட வந்து வாழ ஒங்களுக்குச் சம்மதமா?"

கொட்டகை கொல்லென்று சிரிக்கும். மதினியும் சிரிப்பாள். "இத மொந்தைக்கு முன்னால வந்து கேளுங்க" என்பாள். மேஸ்திரி தலையாட்டிவிட்டு அடுத்த மொந்தைக்குப் போவார். மழை நாள், திருவிழா நாள் என்று பார்க்காமல் இது நடந்தது. எங்களுக்கு இது ஒரு வாடிக்கையான வேடிக்கை. ஆனால் எனக்குக் கண் இருந்தது. பொழுது சாயும் நேரம் அவள் பாதையைப் பார்ப்பதையும், தூக்குச் சட்டி கண்ணில் பட்ட பிறகுதான் அடுப்பை ஊதுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் தயங்கினாள் என்று கேட்பீர்கள். அவர்கள் சாதியில் புருஷன் இறந்தவள் அறுத்துக் கட்டுவது, அதாவது இன்னொருவனைக் கட்டிக்கொள்வது, வழக்கம்தான், அதில் குற்றம் சொல்வாரில்லை. தடையாக இருந்தது கடை. கள்ளுக்கடையைச் சர்க்கார் வருஷா வருஷம் ஏலம் விடும். அவள் புருஷன் இறந்தபோது சாதிப் பெரியவர்கள் கூடி, இவள் வேறு கல்யாணம் கட்டாமல் அண்ணன் பெண்டாட்டியாகவே இருக்கும் வரை கொழுந்தன் இவளுக்கு எதிராக ஏலம் கேட்கக் கூடாது என்று கட்டுப்பாடு செய்திருந்தார்கள். அவள் இன்னொருவனுக்குச் சம்மதம் சொன்ன நிமிஷமே அந்தக் கட்டுப்பாடு முடிந்தது. கடை கொழுந்தனுக்கு. அவனும் அதற்காகவே காத்திருந்தான். அடிக்கடி வந்து ஓரமாக உட்கார்ந்து, மேஸ்திரி கேட்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள்வான். அந்தக் கடை அவளுக்குச் சோறு மட்டுமா போட்டது? இரண்டாவது மொந்தையில் கொடுக்கப்பட்டவள், அங்கே உரல் மேல் உட்கார்ந்து அத்தனை ஆம்பிளைகளின் பேச்சையும் செல்லும், செல்லாது என்று தீர்ப்புச் சொன்னாள். அதை விட்டுவிட்டுப் போ என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

ஆடி மாதம் ஒரு சாயங்காலம். காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி வந்தார். கையில் சுண்ணாம்பு இல்லை, தேய்த்துக் கழுவியிருந்தார். வேட்டி புதுசு. தூக்குச் சட்டியைக் கொடுத்துவிட்டு உட்காராமல் நின்றார். ஒருவன் மொந்தையை நீட்ட, வேண்டாம் என்று கையால் தடுத்தார்.

"நான் இன்னும் குடிக்கல" என்றார். "எல்லாரும் பாத்துக்கங்க. என் கூட வந்து வாழ ஒங்களுக்குச் சம்மதமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கொழுந்தன் ஓரத்தில் இருந்தான், கூட இரண்டு சொந்தக்காரர்களும் இருந்தார்கள். தன் மொந்தையை மெதுவாகக் கீழே வைத்தான். சரி என்று சொன்னால் கடை போயிற்று. மாட்டேன் என்று சொன்னால் அந்த மனுஷன் அதற்கப்புறம் கேட்க மாட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. இரண்டும் செல்லும் பேச்சு. அவள் போட்ட சட்டம் அவளையே பிடித்துக்கொண்டது.

மதினி உரலை விட்டு எழுந்தாள். பானைக்குள் அகப்பையை விட்டு ஒரு மொந்தை நிறைய ஊற்றினாள். யாருக்கோ கொடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். நின்றபடியே அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பழக்கமில்லாததால் இருமல் வந்தது. உதட்டில் ஒட்டிய நுரையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மேஸ்திரியை நேராகப் பார்த்தாள்.

"சம்மதம்யா" என்றாள். "இன்னைக்கு மட்டுமில்ல. நீங்க தெனம் கேட்டீகளே, தெனமுந்தான் எனக்குச் சம்மதம்."

கொழுந்தன் துள்ளி எழுந்தான். "கேட்டுக்கிட்டீகளா! எல்லாருங் கேட்டீகல்ல! வாயத் தெறந்து சொல்லிட்டாக! இனி கடை என்னது!"

வண்டிக்காரச் சோலை சாவகாசமாக வறுவலை வாயில் போட்டுக்கொண்டு கேட்டான். "அவுக எப்பச் சொன்னாக? முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால!" என்று கொட்டகையே கத்தியது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். கொழுந்தன் கூட வந்த சொந்தக்காரர்களில் ஒருவரும் வாய்தவறிக் கத்திவிட்டார்.

"அப்ப அது செல்லாதப்பு, உக்காரு" என்றான் சோலை.

மேஸ்திரி சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. "எனக்கொரு மொந்தை ஊத்துங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். தைரியசாலி என்று நான் பலரைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றைக்கு அவளைப் பார்த்தபோது வந்த மரியாதை எனக்கு வேறு யார்மேலும் வந்ததில்லை.

அதற்கப்புறம் வேடிக்கை மாறியது. தினமும் அவர் கேட்பார். தினமும் அவள் மொந்தையில் ஒரு வாய் குடித்துவிட்டு, "சம்மதம்" என்பாள். நாங்கள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்போம். கொழுந்தனுக்கு இது பொறுக்கவில்லை. ஊரே தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவனுக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, சிரிக்கத்தான் செய்தார்கள். அடுத்த ஏலத்தில், சாதிக் கட்டுப்பாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, தாலுகாக் கச்சேரிக்குப் போய் அவளுக்கு எதிராகக் கேட்டு, கடையைத் தன் பெயருக்கு எடுத்துவிட்டான்.

கடையைக் கைமாற்றும் நாள் யாரும் கூப்பிடாமலே எல்லாரும் போய்விட்டோம். பானைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். கொழுந்தன் புதுப் பானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வாசலில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். மேஸ்திரி வழக்கம்போலத் தூக்குச் சட்டியோடு வந்தார். அவள் வழக்கம்போல அடுப்பை ஊதி வறுவல் செய்தாள். கள் இல்லாமல் அதைத் தின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இரும்புச் சட்டியைத் துடைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கொழுந்தன் முன்னால் நின்றாள்.

"கொழுந்தனாரே, இன்னைக்கு நான் ஒரு சொட்டுக் குடிக்கல. வேணும்னா ஊதிக் காட்டுறேன்" என்றாள். பிறகு திரும்பினாள். "மேஸ்திரியாரே, கேளுங்க."

மேஸ்திரி கனைத்துக்கொண்டு கேட்டார்.

"என் கூட வந்து வாழ ஒங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். "இப்பச் சொல்லுறது செல்லும்."

அவளைக் கட்டி வைத்திருந்த ஒரே கயிறு அந்தக் கடை. அதைக் கொழுந்தனே ஏலம் கேட்டு அவிழ்த்துவிட்டான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பறிப்பதற்கு அவனிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை. நாங்கள் போட்ட கூச்சலில் பனங்காட்டுக் கிளியெல்லாம் பறந்தது. அந்த வாரமே, மதினியின் சட்டம் இல்லாத அந்தக் கடையில் இரண்டு மண்டை உடைந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

சோலை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். மேஸ்திரி தூக்குச் சட்டியோடு ஏறினார். அவள் இரும்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "சிவகங்கை வரைக்கும் என்ன கூலிப்பா கேப்ப?" என்றாள்.

சோலை கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"மொந்தைக்கு முன்னால சொல்றேன், கேட்டுக்கங்க மதினி" என்றான். "கூலி வேணாம்."